சமூகக் கட்டமைப்புவாதம் மனநோயை வெறும் கற்பனை என்கிறதா? ஆலோசனையில் அதற்கு என்ன பயன்?

இல்லை, வலி பொய் என்று அது சொல்லவில்லை. எதை நோய் என்கிறோம், எதை இயல்பு என்கிறோம் என்பது மனிதர்கள் பேசிப் பழகி உண்டாக்கியது என்கிறது. தன்பாலீர்ப்பு நோயல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் முடிவெடுத்தது 1973-இல்தான். அந்த மனிதர்களின் மனம் அன்று மாறிவிடவில்லை. அவர்களைப் பார்த்த பார்வைதான் மாறியது, அதுவும் போராட்டத்தால்.

சமூகவியலாளர்கள் பீட்டர் பெர்கரும் தாமஸ் லுக்மனும் 1966-இல் இந்தக் கருத்தை விரிவாக எழுதினார்கள். உளவியலுக்குள் கொண்டுவந்தவர்களில் கென்னத் கெர்கன் முக்கியமானவர்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் உருவாக்கிய கதையாடல் சிகிச்சையில், அதாவது ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் கதையைத் திரும்பப் பார்க்க உதவும் முறையில், "நான் ஒரு கோழை" என்று வருபவரிடம், "பயம் உங்களை எப்போது மடக்குகிறது? எப்போதாவது அதன் பேச்சைக் கேட்காமல் இருந்ததுண்டா?" என்று கேட்பார்கள். ஆள் வேறு, பிரச்சினை வேறு என்று பிரிந்ததும் குற்றவுணர்வு கொஞ்சம் தளரும். அவரே மறந்துபோன சின்னச் சின்ன எதிர்ப்புகள் பேச்சுக்கு வரும். இந்த மரியாதைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

சமூகப் பணியில், கோப்பில் 'ஒத்துழைக்காத தாய்' என்று ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த பணியாளரும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். அந்தத் தாய் ஏன் வரவில்லை, வேலை நேரமா, பயமா என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் எல்லாமே பார்வைதான் என்று இழுத்துக்கொண்டே போனால் வறுமையும் அடி உதையும்கூட வெறும் கதையாகிவிடும். இந்த விமர்சனம் நியாயமானது. அப்புறம், மருந்தை நிறுத்த இந்தக் கோட்பாட்டைக் காரணமாக்க வேண்டாம்.