தண்ணீர் எப்போது ஏறுகிறது?

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரே அறையில் 43 பேர். பாடம் நடத்தினால் குனிந்து எழுதிக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டால் ஒருவரும் நிமிர்வதில்லை. வீடியோ போட்டுக் காட்டினேன். முதல் வாரம் ஆர்வமாகப் பார்த்தார்கள், அப்புறம் அதுவும் பழகிவிட்டது. சோதனை செய்துகாட்டினால் கைதட்டுகிறார்கள், மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. சாமான்களும் குறைவு, நேரமும் குறைவு. உடனே செய்து பார்க்கிற மாதிரி வழி ஏதாவது உண்டா?

எஸ்.

அன்புள்ள டீச்சர்,

கைதட்டுகிறார்கள், மறுநாள் நினைவில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 26 வருடம் அறிவியல் எடுத்தவன் என்ற முறையில் அந்த வரி எனக்கு நன்றாகவே புரிகிறது. கைதட்டல் விழுந்தால் அன்றைய வகுப்பு நன்றாகப் போனது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். செய்துகாட்டும் முன் ‘என்ன நடக்கும்?’ என்று பிள்ளைகளிடம் கேட்க வேண்டும் என எனக்குத் தோன்றவே இல்லை. ‘இதுதான் நடக்கும்’ என்று ஒரு பக்கம் நின்றுவிட்ட பிள்ளைதான் ஆவலாகப் பார்க்கும். மற்ற பிள்ளைக்கு எது நடந்தாலும் ஒன்றுதான்.

உங்களுக்குத் தெரிந்த மெழுகுவத்திச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றி இரண்டு சொட்டு மை விடுங்கள். நடுவில் மெழுகுவத்தியை ஒட்டி நிறுத்துங்கள். தண்ணீருக்குள் ஒரு ரூபாய் நாணயம் இரண்டைப் போட்டு, கவிழ்க்கும் கண்ணாடி டம்ளரின் விளிம்பு அதன்மேல் உட்காரும்படி பாருங்கள். இல்லாவிட்டால் டம்ளர் தட்டோடு ஒட்டிக்கொண்டு தண்ணீர் உள்ளே போகாது.

ஏற்றுவதற்கு முன் ஆளுக்குப் பாதித் தாள். டம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? ஏறினால், எப்போது ஏறும்? பெயர் எழுத வேண்டாம். தப்பாகிவிடுமோ என்ற பயம் பாதி அதிலேயே போய்விடும். தாள்களை வாங்கி எண்ணி, மூன்று எண்களையும் போர்டில் எழுதுங்கள். பிறகு தீக்குச்சியை உரசுங்கள். கடைசி பெஞ்சு எழுந்து நிற்கும். நிற்கட்டும், விடுங்கள்.

இந்தச் சோதனையைப் பல வருடம் நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், அது எரிந்து தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது, அதனால் ஐந்தில் ஒரு பங்கு ஏறுகிறது என்பேன். ஒரு வருடம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “சார், வத்தி அணைஞ்ச பிறகுதானே தண்ணி ஏறுச்சு?” என்றாள். எரிந்து தீர்வதுதான் காரணம் என்றால் எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டும். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுபடி செய்தோம். சுடர் அடங்கும் நேரத்தில்தான் தண்ணீர் குபுக்கென்று ஏறியது. அடுத்து அகலமான கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்து, முதலில் ஒரு வத்தி, பிறகு அதே ஜாடியில் மூன்று வத்தி வைத்தோம். மூன்று வைத்தபோது தண்ணீர் இன்னும் உயரம் போனது. ஜாடி அதே ஜாடி, உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அதே அளவு. அப்புறம் எப்படி?

கவிழ்த்த நேரத்தில் விளிம்போரம் குமிழி வந்ததை முன் பெஞ்சுப் பையன் ஒருவன் சொன்னான். விஷயம் அங்கேதான் இருந்தது. சுடரின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. வத்தி அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. பெரும்பங்கு ஆக்சிஜன் மிச்சம் இருக்கும்போதே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனுக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகிறது. கூடவே உண்டாகும் நீராவி குளிர்ந்து தண்ணீராவதால் அதற்கும் ஒரு சிறு பங்கு உண்டு. ‘நான் சொன்னது தப்பு, அவள் கேட்டதுதான் சரி’ என்று அன்றைக்கு வகுப்பிலேயே சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் கேள்விக்குப் பஞ்சமே வரவில்லை.

நேரம் குறைவு என்கிறீர்கள். அது உண்மைதான். எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது, போர்ஷன் முடிய வேண்டும். மாதத்துக்கு இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டை அவசரப்படுத்தாதீர்கள். 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக ஆறு உரைகள் ஆற்றினார். ஆறுக்கும் பொருள் ஒரு மெழுகுவத்திதான்.

சாமான் விஷயத்தில் நம் நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பக்கம் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கினார்கள். நான்கு நான்கு பேராகப் பிள்ளைகளே சோதனை செய்வார்கள், கையில் கிடைக்கிற மலிவான பொருள்களை வைத்து. தேர்வில்கூடப் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். 2002 வரை நடந்தது. உங்கள் 43 பேரை 11 குழுவாகப் பிரித்தால் 11 தட்டு, 11 டம்ளர். வீட்டிலிருந்தே வந்துவிடும். வத்தி ஏற்றும் சோதனையை மட்டும் உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள், நீளக் கூந்தலை முடியச் சொல்லுங்கள். அமிலம், காரம் பாடம் வரும்போது மஞ்சளைக் குழைத்துத் தாளில் தடவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும். சட்டையில் விழுந்த குழம்புக் கறை துவைக்கும்போது சிவப்பதை வீட்டில் பார்த்திருப்பார்கள். அதையே முதல் கேள்வியாக வையுங்கள்.

இன்னொன்று, செலவே இல்லாதது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஆராய்ந்து 1970களில் எழுதினார். பெரும்பாலும் ஒரு நொடிதான். மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீளுகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டார். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். முதல் நாள் அந்த மௌனம் தாங்கமுடியாததாக இருக்கும்.

வீடியோவையும் விட்டுவிட வேண்டாம். முக்கியமான இடத்துக்கு முன் நிறுத்தி, அடுத்து என்ன என்று எழுதச் சொல்லிவிட்டு ஓடவிடுங்கள்.

திங்கட்கிழமை மெழுகுவத்தியில் தொடங்குங்கள். போர்டில் அந்த மூன்று எண்கள் எப்படி விழுந்தன என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.