ராஜினாமாவைத் தள்ளிப்போடுங்கள், கையெழுத்துகளைத் தள்ளிப்போடாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. கோவையில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். எட்டு மாதத்துக்கு முன் பார்க்கின்சன் நோய் (நடுக்குவாதம்) என்று சொல்லிவிட்டார்கள். பிடித்தம் போகக் கைக்கு 62,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கடன் பாக்கி 14 லட்சம், இஎம்ஐ 17,400. பிஎஃப்-இல் 16 லட்சம், வங்கி டெபாசிட் 9 லட்சம். மருந்து உட்பட மாதச் செலவு 37,000. மகள் கல்லூரியில் படிக்கிறாள். வேலையை விட்டுவிட்டு, பிஎஃப் பணத்தில் கடனை அடைத்துவிடலாம் என்கிறார். நோயைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். என்ன செய்வது?

பதில்: கடன் இல்லாத வீட்டில் உட்கார வேண்டும் என்று அவர் நினைப்பது புரிகிறது. ஆனால் கணக்கு இடம் தரவில்லை. கடனை அடைத்தால் பிஎஃப்-இல் மிஞ்சுவது 2 லட்சம். டெபாசிட்டோடு சேர்த்து 11 லட்சம். மாதம் 37,000 என்றால் முப்பது மாதத்தில் தீர்ந்துவிடும். மகளின் கல்லூரிக் கட்டணம் இதில் சேரவில்லை. பார்க்கின்சனோ பத்து, இருபது வருடம் கூடவே வரக்கூடிய நோய். முதல் சில வருடங்கள் மாத்திரை நன்றாகக் கேட்கும். அந்த வருடங்களின் சம்பளத்தை விட்டுவிடாதீர்கள். பிஎஃப்-க்கு 2024-25-இல் கிடைத்த வட்டி 8.25 சதவீதம். வீட்டுக்கடன் வட்டியும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தால், அடைப்பதில் லாபம் ஒன்றுமில்லை.

ராஜினாமா செய்தால் சம்பளத்தோடு வேறு சிலவும் போகும். கம்பெனியின் குரூப் மருத்துவக் காப்பீடு நின்றுவிடும். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை தரும், பிஎஃப்-ஓடு சேர்ந்த இடிஎல்ஐ காப்பீடும் போகும். பணியில் இருக்கும்போதே முழு நிரந்தர ஊனம் ஏற்பட்டால், 58 வயதுக்குக் காத்திருக்காமல், பிஎஃப்-ஓடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டமான இபிஎஸ்-இல் ஊன ஓய்வூதியம் உண்டு. வேலையை விட்டபின் ஊனமானால் அது கிடையாது. அதனால் ராஜினாமாவுக்குப் பதிலாக வேலை மாற்றம் கேட்கச் சொல்லுங்கள். நைட் ஷிஃப்ட் வேண்டாம், ஏணி வேண்டாம், ஓடும் மெஷின் பக்கம் வேண்டாம். மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டிய நோய்க்கு நைட் ஷிஃப்ட் ஒத்துவராது என்று நரம்பியல் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுக்கலாம்.

இப்போது கையெழுத்து. இந்த நோயில் எழுத்து மெல்ல மெல்லச் சுருங்கும். ஒரு வரியின் தொடக்கத்தில் பெரிதாக இருப்பது முடிவதற்குள் எறும்பு அளவுக்குப் போய்விடும். பத்து வருடத்துக்கு முந்தைய மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஒருநாள் செக் திரும்பும், டெபாசிட்டை உடைக்க முடியாது. எனவே இந்த மாதமே வங்கிக்குப் போய் மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பியுங்கள். கணக்கையும் டெபாசிட்டையும் 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்று கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். பிஎஃப், எல்ஐசி, மியூச்சுவல் ஃபண்ட் நாமினிகளையும் சரிபாருங்கள். பின்னாளில் கையெழுத்தே போட முடியாமல் போனால், இரு சாட்சிகள் முன் கைரேகை வைக்க வங்கிகளில் வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் அலைச்சல்.

பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. எழுதிக் கொடுத்தவரின் மனத்தெளிவு போய்விட்டால், நம் நாட்டில் அந்தப் பவரும் செல்லாது. பார்க்கின்சனில் பின்னாளில் சிலருக்கு மறதி நோயும் சேரும். அப்போது நீதிமன்றம் போய்த்தான் காப்பாளர் ஆணை வாங்க வேண்டும். ஆகவே கூட்டுக் கணக்கும், தெளிவாக இருக்கும் இன்றே எழுதும் உயிலும்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. உயிலுக்கு இரு சாட்சிகள் வேண்டும். மனத்தெளிவோடு இருக்கிறார் என்ற டாக்டர் சான்றையும் சேர்த்து வையுங்கள்.

இன்னொன்றைப் பலர் வெளியே சொல்வதில்லை. இந்த நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கட்டுக்கடங்காத உந்துதலைத் தூண்டும்: ஆன்லைன் சூதாட்டம், காரணமில்லாமல் பொருள் வாங்கிக் குவிப்பது. இது மருந்தின் விளைவு, அவருடைய குணம் அல்ல. யுபிஐ, கார்டுக்கு அன்றாட வரம்பு வையுங்கள், எஸ்எம்எஸ் உங்கள் எண்ணுக்கும் வரட்டும். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

டெபாசிட் 9 லட்சத்தில் கை வைக்காதீர்கள். பின்னாளில் டாக்டர் மூளைக்குள் மின்முனை பொருத்தும் டிபிஎஸ் அறுவைச் சிகிச்சையைச் சொல்லலாம். அதற்குப் பல லட்சம் ஆகும், சாதனத்தின் பேட்டரியையும் சில வருடங்களில் மாற்ற வேண்டிவரும். குரூப் பாலிசியில் இதற்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள் என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கும் மகளுக்கும் தனியாக ஃபேமிலி ஃப்ளோட்டர், அதாவது இருவருக்கும் சேர்த்து ஒரே மருத்துவக் காப்பீடு எடுங்கள். அதில் அவரையும் சேர்த்தால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம்.

ஊனச் சான்றிதழ் வாங்கினால் வரி மிச்சம் என்று உறவினர்கள் சொல்வார்கள். அந்த வரிக் கழிவுகள் பழைய வரி முறையில்தான். உங்கள் வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. ஆனாலும் மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளிகள் சட்டம், 2016-இன் பட்டியலில் பார்க்கின்சனும் இருக்கிறது, அரசு உதவிகளுக்கு அந்த அட்டைதான் வாசல்.

அவரிடம் பேசும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். முதலில் மாதிரிக் கையெழுத்து மட்டும். அதற்கு நோயைப் பற்றிப் பேசவே தேவையில்லை. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, கை ஓரளவு நிதானத்தில் இருக்கும்போது வங்கிக்கு அழைத்துப் போங்கள்.