வாத்தியாரைக் கேளுங்கள்: 700 மீட்டருக்கு எதற்கு வேன்?

கேள்வி: ஐயா, பையன் நாலாவது படிக்கிறான். பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து 700 மீட்டர்தான். ஆனாலும் வேனில்தான் போகிறான். அது ஊரெல்லாம் சுற்றி, முக்கால் மணி நேரம் கழித்துக் கொண்டுபோய் விடுகிறது. நடந்தே போகட்டும் என்றால் அவன் அப்பா, “அந்த ரோட்டிலா?” என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, சூளைமேடு, சென்னை

பதில்: அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த ரோட்டை ஒருநாள் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஊர் காலியாக இருக்கும். திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பையனை முன்னால் விட்டு, நீங்கள் ஒட்டிப் பின்னால் போங்கள். எங்கெல்லாம் பிளாட்பாரத்தை விட்டு ரோட்டில் இறங்குகிறானோ, அங்கெல்லாம் ஒரு போட்டோ.

நான் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்தவன். கடைசிப் பதினோரு வருஷம், காலையில் பள்ளி வாசலில் விசிலோடு நிற்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஓய்வு பெற்ற பிறகு பேத்தியோடு இப்படி நடந்து பார்த்தேன். அரை கிலோமீட்டர் சொச்சத்தில் 14 தடவை ரோட்டில் இறங்கினாள். டிரான்ஸ்பார்மர், மின்வாரியப் பெட்டி, இஸ்திரி வண்டி, மூடி பெயர்ந்த மழைநீர் வடிகால். மீதி எல்லாம் பைக். ஓரிடத்தில் எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஆட்டோ வருவது எனக்குத் தெரிகிறது, அவளோ “ஒண்ணும் வரல தாத்தா” என்கிறாள். அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். ஓரமாக நிறுத்தியிருந்த காரின் கதவு மட்டும்தான் தெரிந்தது. நிமிர்வதற்குள் முட்டி பிடித்துக்கொண்டது.

அப்புறம் பின்தெரு வழியாகப் போய்ப் பார்த்தோம். இரண்டு நிமிஷம் கூடுதல், ஆனால் இறங்க வேண்டியது மூன்றே இடம். அதுதான் இன்றுவரை எங்கள் வழி.

போகும்போது ஒரு டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, குடியிருப்புப் பகுதி நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் சில பிளாட்பாரங்களில் ஏற எனக்கே யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. புத்தகப் பையோடு ஒரு பொடிசு எப்படி ஏறும்? ரோட்டோரமாகவே நடக்கும். “ஆபத்தாக இருக்கிறது” என்று மனு எழுதினால் அது ஃபைலில் தூங்கும். “இந்தக் கம்பத்தருகே 60 சென்டிமீட்டர்தான் இருக்கிறது” என்று போட்டோவோடு எழுதினால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்து புகார் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வடிகால் மூடி ஒன்பது நாளில் வந்தது. மின்பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

தனியாக மட்டும் அனுப்பாதீர்கள். வருகிற வண்டியின் வேகத்தைக் கணிப்பது ஒன்பது வயதில் சரியாகக் கைவராது. தெருவில் அதே பள்ளிக்குப் போகும் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு நாள் ஒரு பெரியவர் கூடப் போகட்டும். ஆஸ்திரேலியாவில் டேவிட் எங்விக்ட் என்பவர் 1990களில் இந்த ஏற்பாட்டுக்கு ‘நடக்கும் பள்ளிப் பேருந்து’ என்று பெயர் வைத்தார். நம் தெருக்களில் பெரிய அக்காக்கள் வாண்டுகளை இழுத்துக்கொண்டு போனார்களே, அதேதான்.

கேள்வி: பள்ளி அருகே ஒரு வேகத்தடை போட்டால் போதாதா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: போடலாம். வெள்ளைக்கோடும் பலகையும் இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மேட்டைக் கொட்டிவிட்டுப் போனால், முதலில் விழுவது பால்காரர். ஆனால் வேகம் குறைந்தே ஆக வேண்டும். பழைய பாடம்தான்: இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 30 கிலோமீட்டரில் வரும் காரைவிட 50இல் வரும் அதே காருக்கு ஏறக்குறைய 2.8 மடங்கு ஆற்றல். நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் 30தான் உச்சவேகம் என்று 2020இல் சாலைப் பாதுகாப்புக்கான ஸ்டாக்ஹோம் உலக மாநாட்டுப் பிரகடனம் சொன்னது சும்மா இல்லை.

கேள்வி: பள்ளி வாசல் நெரிசலுக்கு யார் காரணம்?
- ஒரு ஆசிரியை, திருச்சி

பதில்: பெற்றோர்தான், வேறு யார்? முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று ஏற்றிக்கொண்டு வந்து, கேட்டுக்குள்ளேயே பைக்கை நுழைக்கப் பார்ப்பார்கள். நூறு மீட்டர் முன்னால், பிள்ளையார் கோயிலடியில் பிள்ளைகளை இறக்கிவிடச் சொன்னேன். முதல் வாரம் நல்ல திட்டு வாங்கினேன். மாதக் கடைசியில் வாசல் காலியாகிவிட்டது. ஒரு அம்மா மட்டும் கேட்கவே மாட்டேன் என்று தினமும் வாசல்வரை ஸ்கூட்டரில் வந்தார். நானும் தினமும் விசில் ஊதினேன். ஒருநாள் அவர் பையனை இறக்கும்போதுதான் கவனித்தேன், அவன் காலில், நடக்க உதவும் காலிப்பர் மாட்டியிருந்தது. மறுநாளிலிருந்து அந்த ஸ்கூட்டருக்கு நானே கேட்டைத் திறந்துவிட்டேன்.