பாதியில் நின்ற கதை

வணக்கம். வீடியோ கேம் படைப்பாளி யோஷிடாகா முராயாமா மறைந்த செய்தி எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அவருடைய 'சுய்கோடென்' கேமின் முதல் இரண்டு பாகங்களையும் தூக்கம் விட்டு விளையாடியவன் நான். கடைசி கேம் வெளிவருவதைப் பார்க்கக்கூட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லையே. அவர் விட்டுப்போன கதைகளை இனி யார் முடிப்பார்கள்? வேறொருவர் முடித்தால் அது அவர் கதையாகுமா?

ர.

அன்புள்ள ர.,

கடைசி கேமைப் பற்றிய வருத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். முராயாமா இறந்தது 2024 பிப்ரவரி 6. 'ஐயுடென் கிரானிக்கிள்: ஹண்ட்ரட் ஹீரோஸ்' ஏப்ரல் 23இல் வந்துவிட்டது. அந்தக் கதை அந்தரத்தில் நிற்கவில்லை.

நின்றது சுய்கோடென்தான். அதை அறுத்தது சாவு அல்ல. மூன்றாம் பாகம் முடியும் தறுவாயில் அவர் அந்த கேமை வெளியிட்ட கோனாமி நிறுவனத்திலிருந்து விலகினார். 2002இல் வெளிவந்த அந்த கேமின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயரே இல்லை. அடுத்த பாகங்கள் அவர் இல்லாமலே வந்தன. அந்த உலகத்துக்கே ஆதாரமாக அவர் வைத்த 27 ரூன்களில், அதாவது மந்திரச் சின்னங்களில், பலவற்றின் கதையை அவர் சொல்லவேயில்லை. அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல் மனிதர் உயிரோடுதான் இருந்தார். உரிமைதான் அவரிடம் இல்லை. அஞ்சலிக் குறிப்புகளில் நாம் வசதியாக மறந்துவிடும் விஷயம் இது.

சரி, வேறொருவர் முடிக்கலாமா? நாவலாசிரியர் போய்விட்டால் எழுதியவரைக்கும் படிக்கலாம். கேமில் அதற்கும் வழியில்லை. ஜப்பானிய கேம் படைப்பாளி கெஞ்சி ஏனோ (Kenji Eno) 2013இல், 42 வயதில் இறந்தபோது கையில் ஒரு புது கேம் இருந்தது. அரைகுறை நிரலை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய? 'சைபீரியா' கேம்களைப் படைத்த பெனுவா சோகால் விஷயம் வேறு. அவர் 2021 மே மாதம் இறந்தார், 'சைபீரியா: தி வேர்ல்ட் பிஃபோர்' 2022 மார்ச்சில் வந்தது. கூடவே உழைத்த குழு முடித்தால் எனக்குச் சம்மதம். பெயரை மட்டும் வைத்திருப்பவர்கள் முடித்தால், மன்னிக்கவும், நான் விளையாடுவதில்லை.

சுய்கோடென் நாயகனின் கோட்டையில் இருக்கும் அந்தக் கல்பலகை உங்களுக்கு நினைவிருக்கும். கதைநெடுக நாம் சேர்க்க வேண்டிய 108 பேருக்கு அதில் இடம். நாம் சேர்க்காமல் விட்டவர்களின் இடம் வெறுமையாகவே கிடக்கும். முதல் தடவை எனக்கு ஐந்து இடம் காலி. எங்கே கோட்டைவிட்டேன் என்று திரும்பிப் போய்த் தேடினேன். இரண்டாம் பாகத்தில் முதல் பாகத்தில் சேமித்துவைத்த ஆட்டத்தை மெமரி கார்டிலிருந்து ஏற்றினால், பழைய நாயகனே வந்து நம்மோடு சேர்ந்துகொள்வான். கதைப்படி மூன்று வருடம் கழித்து. அந்த இரண்டு கேம்களுக்கு நடுவிலும் மூன்று வருடம்தான், 1995, 1998.

உங்கள் மெமரி கார்டு இன்னும் இருக்கிறதா?