ஜெர்மன் தத்துவஞானி கான்ட் சொல்வதுபோல் பகுத்தறிவை மட்டும் வைத்து எல்லோருக்கும் பொதுவான அறவிதியைச் சொல்ல முடியுமா?

முடியும் என்பதுதான் என் பதில். 'இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்' என்று நீங்கள் சேர்த்து எழுதியிருப்பதைப் பார்த்தால், தேர்வுக்காகக் கேட்கவில்லை, யாரிடமோ ஏமாந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எனக்கும் அது நடந்தது.

ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கைமாற்று கேட்டார். "தீபாவளி போனஸ் வந்ததும் கையில் கொடுத்துவிடுகிறேன் தம்பி" என்றார். மனைவியின் வளையலை அடகு வைத்து நாற்பதாயிரம் கொடுத்தேன். அப்போதே அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தார். போனஸ் வராது என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறார்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் அவருக்காகவே பேசினார்கள். "கஷ்டத்துக்குத்தானேப்பா கேட்டான்" என்றார் சித்தி. எனக்கு ஆறாதது பணம் போனது அல்ல. "திருப்பித் தர வழியில்லை, உதவி செய்" என்று கேட்டிருந்தால், கொடுப்பதா வேண்டாமா என்று நான் யோசித்திருப்பேன். யோசிக்கவே விடாமல் செய்துவிட்டாரே, அதுதான்.

1785இல் வெளிவந்த தன் சிறு நூலில் கான்ட் எடுத்துக்கொண்ட உதாரணமும் இதேதான்: திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, தருவதாக வாக்குக் கொடுத்துக் கடன் வாங்குபவன். பணமுடை வந்தால் பொய் வாக்குக் கொடுக்கலாம் என்பதை எல்லோருக்குமான விதியாக்கிப் பாருங்கள். வாக்கை நம்ப ஆளே இருக்காது, பொய் வாக்கும் செல்லாது. மற்றவர்கள் நாணயமாக இருந்து, தான் மட்டும் விலக வேண்டும் என்பதுதான் ஏமாற்றுபவனின் கணக்கு. இன்னொன்றும் சொல்கிறார்: மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே. ஏமாற்றப்படுபவர் அந்தச் செயலுக்குச் சம்மதித்திருக்க வழியே இல்லை. சித்திக்கு என்னால் சொல்ல முடியாமல் போனது இதைத்தான்.

உடனே சிலர், 'நம்பிக்கை கெட்டுவிடும் என்றால் அது பகுத்தறிவு அல்ல, விளைவைப் பார்ப்பதுதானே' என்று வருவார்கள். இல்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் போனாலும் அது தப்புதான். தனக்கு மட்டும் விலக்குக் கேட்கும் அந்த முரண்பாட்டைத்தான் கான்ட் பிடிக்கிறார். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை.

சரி, அடுத்து நீங்கள் கேட்கப்போவதும் தெரியும். நண்பன் உங்கள் வீட்டில் ஒளிந்திருக்கிறான், கொலைகாரன் வந்து கேட்கிறான், அப்போதும் உண்மை சொல்ல வேண்டுமா? பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்டுக்கு மறுப்பாக 1797இல் எழுதிய கட்டுரையில், அங்கேயும் பொய் கூடாது என்றுதான் கான்ட் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கொலைகாரனைக் காட்டி என் அண்ணனுக்கு வக்காலத்து வாங்காதீர்கள். அவர் கதவை யாரும் கத்தியோடு தட்டவில்லை.