கம்பிவேலி போடலாமா, கிளுவையே இருக்கட்டுமா?

கேள்வி: அண்ணே, மேலூர் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் இருக்கு. கிளுவை மரம் நட்டு வளர்த்த பழைய வேலிய எடுத்துட்டு கம்பிவேலி போடச் சொல்றாங்க வீட்ல. பக்கத்துல இருக்குற அரிட்டாபட்டிய தான் அரசாங்கமே காப்பாத்துதே, நம்ம வேலியில என்ன இருக்கு?

பதில்: தம்பி, எடுத்துறாதீங்க. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ரெண்டையும் சேர்த்து 2022-ல பல்லுயிர் பாரம்பரிய தலமா, அதாவது பலவித உயிர்கள் வாழுற, காப்பாத்த வேண்டிய இடமா அறிவிச்சாங்க, தமிழ்நாட்டுலயே அதான் முதல்ல, ரொம்ப சந்தோஷம், ஆனா மொத்தமே 193 ஹெக்டேர் சொச்சம் தான், அங்க இருக்குற உடும்பும் கீரியும் அந்த எல்லைக்குள்ளயே பொழைக்க முடியுமா சொல்லுங்க? இரை தேட, ஜோடி தேட வெளிய வந்து தான ஆகணும். வெட்டவெளில வந்தா நாய் புடிக்கும், இல்ல ரோட்டுல அடிபடும். உங்க வேலி மாதிரி ஒண்ணு அடுத்த கண்மாய்க்கரை வரைக்கும் போச்சுன்னா அதான் அதுகளுக்குப் பாதை.

தேவாங்க எடுத்துக்கோங்க, ராத்திரில கிளை விட்டு கிளை மெதுவா புடிச்சு புடிச்சு தான் போகும், தரைல இறங்கினா தடுமாறிப்போகும். நடுவுல பத்து மரம் போச்சுன்னா அதுக்கு ஊரே ரெண்டா போன மாதிரி.

போன மாசம் ஒரு கிளுவை வேலி ஓரமா உக்காந்து பாத்தேன், கோவைக்கொடிக்குள்ள தவிட்டுக்குருவி கூட்டமா கத்திட்டு கெடந்துச்சு, அடில ஒரு அரணை, பக்கத்துல புதுக் கம்பிவேலில ஒண்ணுமே இல்ல.

வேலில இடைவெளி இருந்தா ஐப்பசி மழைல கிளுவைப் போத்த, அதான் கிளைத்துண்ட, வெட்டி ஊணுங்க, தானா வேர் புடிச்சுக்கும். நடுநடுவுல நொச்சி வைங்க, ஆடு கடிக்காது. பக்கத்துத் தோட்டக்காரர்ட்டயும் பேசிப்பாருங்க.