78,000 கி.மீ. இன்னோவா: மீட்டரை நம்பலாமா?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். பெற்றோர், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து வீட்டில் ஆறு பேர். சென்னைப் பதிவுள்ள 2014 இன்னோவா 2.5 டீசல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 'ஒரே ஓனர், 78,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது' என்கிறார் புரோக்கர். நேரில் பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த 78,000. கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் ஏழாயிரம் கி.மீ. வருகிறது. இவ்வளவு குறைவாக ஓடிய டீசல் இன்னோவா இல்லாமல் இல்லை, ஆனால் அரிது. மீட்டரைக் குறைத்து விலையை ஏற்றுவது பழைய தந்திரம். இந்த வண்டியில் அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது.

எஞ்சினுக்குள் வால்வுகளைப் பிஸ்டன்களோடு தாளம் தவறாமல் இயக்குவது டைமிங் செயின் அல்லது பெல்ட். இந்த எஞ்சினில் இருப்பது செயின் அல்ல, பெல்ட். சுமார் ஒரு லட்சம் கி.மீ.யில் அதை மாற்றுவது வழக்கம். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றாமல் சரிசெய்ய முடியாது. மாற்றும் நேரம் வந்ததும் டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும்தான். ஆனால் அந்த விளக்குக்குக் கணக்கு சொல்வதும் அதே மீட்டர். 1,80,000 ஓடியதை 78,000 ஆக்கியிருந்தால் விளக்கு எரியாது, பெல்ட் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே மீட்டருக்கு வெளியே சாட்சி தேடுங்கள். வண்டி எண்ணைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ஜாப் கார்டு (சர்வீஸ் பதிவு) விவரங்களைக் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கி.மீ. பதிவாகியிருக்கும். அவர்கள் ஓனரிடம்தான் தருவார்கள் என்பதால் ஓனரே கேட்டு வாங்கித் தரட்டும். தர மறுத்தால் அதுவே ஒரு பதில். அடுத்து கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர்கள். 78,000-ல் அவை மொழுமொழுவென்று தேய்ந்திருக்கக் கூடாது. பழைய வண்டியில் பளபளக்கும் புது ரப்பர் இருந்தாலும் சந்தேகம்தான். டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம், கியர் நாப், ஸ்டீயரிங்கின் மேல்பாதி ஆகியவற்றையும் பாருங்கள்.

டி-போர்டில் (டாக்ஸியாக) ஓடி, பிறகு ஓன் போர்டாக (சொந்த உபயோகத்துக்கு) மாற்றிய வண்டியா என்பதையும் அறிய வேண்டும். டாக்ஸியில் பயணிகள் பெரும்பாலும் இடதுபக்கப் பின்கதவு வழியாகவே ஏறி இறங்குவார்கள். அந்தக் கதவின் கீல் தளர்ந்து, மிதிக்கும் இடம் மட்டும் கீறிக்கிடந்தால் கேள்வி கேளுங்கள். கூரையில் கேரியர் போல்ட் தடம், பம்பரில் ஒளிரும் ஸ்டிக்கர் பிய்த்த தடம், ஆக்சிலரேட்டர் பக்கம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை வெட்டியெடுத்த வயர் ஆகியவையும் தடயங்களே. போர்டு மாற்றியது சட்டப்படி நடந்திருந்தால் தவறில்லை. ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்ட டாக்ஸி நன்றாகவே ஓடும். ஆனால் அதற்கு டாக்ஸி விலைதான் கொடுக்க வேண்டும்.

சென்னைப் பதிவு என்கிறீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இந்த வண்டி சாலையில் இருந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்தது. ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே நிற்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, கார்பெட்டைத் தூக்கினால் ஈர வாடை, டாஷ்போர்டுக்குக் கீழே வயர் சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருப்பது, இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் பேரமே வேண்டாம், விட்டுவிடுங்கள். வயரிங்கில் தண்ணீர் புகுந்த வண்டி ஆண்டுக்கணக்கில் தொல்லை தரும்.

காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டில் கைவைத்துச் சூடு பாருங்கள். சூடான எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் உள்ள மாடலில் அதன் விளக்கும் எஞ்சின் விளக்கும் எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் இரண்டும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், கோளாறை மறைக்க யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம்.

புகையைக் கவனியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை வந்து நிற்காமல் தொடர்ந்தால் இன்ஜெக்டர் சரியில்லாமல் இருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: டர்போ அல்லது பிஸ்டன் ரிங். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திருகி எடுத்து, ஆயில் ஊற்றும் துளையின் மேல் தலைகீழாக வைத்துப் பாருங்கள். லேசாக அசைவது இயல்பு. தூக்கியெறியும் வேகத்தில் காற்று வந்தால் எஞ்சின் வேலை காத்திருக்கிறது. ரேடியேட்டரை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். உள்ளே செங்கல் நிறத் தண்ணீர் இருந்தால் கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்க அரைமணி நேரமாவது கேளுங்கள், அதில் கொஞ்சம் பைபாஸும் இருக்கட்டும். இது பின்சக்கரம் இழுக்கும் வண்டி. முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றி கிளட்சை விடும்போது அடியில் 'டக்' என்றால் பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் இணைப்பான கிராஸ் பேரிங் தேய்ந்திருக்கலாம். 60–80 வேகத்தில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் பின் அச்சிலுள்ள கிரவுன் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். மேடுபள்ளத்தில் முன்பக்கம் தடதடவென்றால் சஸ்பென்ஷனில் உள்ள லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். இது பெரிய விஷயமில்லை, விலையில் கழிக்கலாம். கிளட்சுக்கு ஒரு சோதனை: நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு முடிந்துவிட்டது.

ஏசியைப் பதினைந்து நிமிடம் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருங்கள். முன்னால் குளிர்ந்து பின்னால் வெறுங்காற்று வந்தால் பின்பக்கக் கூலிங் காயிலையும் புளோயரையும் பார்க்கச் சொல்ல வேண்டும். முடிந்தால் ஆறு பேரும் ஏறி ஒரு சுற்றுப் போய் வாருங்கள். கடைசி வரிசையில் அப்பாவால் ஏறி இறங்க முடிகிறதா என்பதை மெக்கானிக் சொல்ல மாட்டார்.

பாடியில் டிங்கரிங் வேலை இருந்தாலே பயப்பட வேண்டாம், கதவு, ஃபெண்டர் மாற்றியது பொறுத்துக்கொள்ளக்கூடியது. கதவோரத்து ரப்பர் பீடிங்கை இழுத்துப் பாருங்கள்: கம்பெனி வெல்டிங் ஒரே இடைவெளியில் வட்டக்குழிகளாக இருக்கும். குழிகள் காணாமல் பட்டி பூசி மழுங்கியிருந்தால் தூணே அடிபட்டிருக்கிறது. இன்னோவாவுக்குப் பாடியைத் தாங்கும் தனி இரும்புச் சட்டகம் (சேஸிஸ்) உண்டு. ரேம்பில் ஏற்றி, அதில் புது வெல்டிங்கோ வளைவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம்.

பேப்பரில்: அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் எத்தனையாவது ஓனர், கடன் குறிப்பு, நிலுவை அபராதம் மூன்றையும் பாருங்கள். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப்பணம் தர வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்; பழைய ஓனரின் கிளெய்ம் இல்லாச் சலுகை உங்களுக்கு வராது. 2014 பதிவின் 15 ஆண்டு 2029-ல் முடியும். அதற்குப்பின் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்து, 78,000 உண்மையே ஆனாலும், பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் அது ஆலையில் போட்ட பெல்ட்தான். பத்தாண்டைத் தாண்டிய ரப்பர். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் ஐட்லர் உருளை மூன்றுக்கும் கூலியோடு மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். முதல் நீண்ட பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.